நாடிச் சுவர் எவ்வளவு தாங்கும்? கணித மாதிரியுருக்களின் பயனும் எல்லையும்

நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கும் ஓர் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் பெருநாடியின் சுவர் சற்றே விரிந்து மீண்டும் ஒடுங்குகிறது. எழுபது வருட வாழ்நாளில் இவ்விரிவும் ஒடுக்கமும் 250 கோடி தடவைகளுக்கு மேல் நிகழ்கின்றன. இத்தனை தடவை இழுபட்டுத் தளரும் ஒரு பொருள் எப்போது களைப்படையும், எந்த இடத்தில் கிழியும் என்பது பாலங்களையும் விமானங்களையும் அமைக்கும் பொறியியலாளர் நாள்தோறும் கேட்கும் கேள்வியாகும். அதே கேள்வியை மனித நாடியை நோக்கிக் கேட்பதற்கு ஒரு தனித்துறையே இன்று வளர்ந்துள்ளது.

இது வெறும் அறிவுத் தேட்டம் அன்று. வயிற்றின் பின்புறமாகக் கீழிறங்கும் பெருநாடி சிலருக்கு, குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ள முதிய ஆண்களுக்கு, மெல்ல மெல்ல வீங்கிப் பெருக்கிறது. பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. ஆனால் வீக்கம் வெடித்துவிட்டால் உயிர் பிழைப்போர் மிகச் சிலரே. வெடிக்குமுன் சத்திரசிகிச்சை செய்ய முடியும். எனினும் அச்சிகிச்சையும் ஆபத்தற்றதன்று. எனவே வைத்தியரின் முன் நிற்பது ஒரே கேள்விதான்: இந்தச் சுவர் இன்னும் தாங்குமா? இதற்கு வைத்திய உலகம் இன்று தரும் விடை, பிரதானமாக வீக்கத்தின் விட்டத்தை அளந்து பெறப்படுவதாகும். அவ்விடை ஏன் போதாது, அதனைவிடச் சிறந்த விடையைத் தர முயலும் கணித மாதிரியுருக்கள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

விரல் நுனியிலிருந்து சமன்பாட்டுக்கு

நாடிச் சுவரின் வன்மையும் மென்மையும் உடல்நிலையைப் பற்றி ஏதோ கூறுகின்றன என்ற உணர்வு பழமையானது. இப்னு ஸீனா (மறைவு 1037) தமது 'அல்-கானூன் பித்திப்' நூலில் நாடித் துடிப்பை ஆராய்வதற்குரிய பத்து அம்சங்களை வகுத்துக் கூறுகிறார். விரிவின் அளவு, விரலில் மோதும் வலிமை, அசைவின் வேகம், ஒழுங்கு, தாளம் போன்றவற்றோடு, துடிக்கும் குழாய் வன்மையானதா, மென்மையானதா, நடுத்தரமானதா என்பதும் அப்பத்தில் ஒன்றாகும். நாடிகள் 'ரூஹ்' எனும் உயிராவியைச் சுமந்து செல்கின்றன என்ற, ஜாலீனூஸ் வழிவந்த கோட்பாட்டையே அவரும் ஏற்றிருந்தார். ஆகவே நவீன அறிவு முழுவதும் அங்கே உண்டு என வாதிடுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. ஆயினும், துடிப்பை ஆராயும்போது சுவரின் தன்மையைத் தனியே பிரித்து நோக்க வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

இரண்டு நூற்றாண்டுகளின் பின், டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நபீஸ் (மறைவு 1288), கானூனின் உடலமைப்பியல் பகுதிக்கு எழுதிய விரிவுரையில் இதே வகைச் சிந்தனையை வேறொரு திசையில் செலுத்தினார். இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட தடுப்புச் சுவர் தடித்தது, துளைகளற்றது. எனவே வலப்புறக் குருதி சுவாசப்பை வழியாகவே இடப்புறத்தை அடைய வேண்டும் என்பது அவரது வாதம். ஒரு சுவரின் பௌதிக அமைப்பை ஆராய்ந்து குருதியின் பாதையை அவர் அனுமானித்தமை எமது தலைப்போடு நேரடித் தொடர்புடையது.

விரல் உணர்ந்ததை எண்ணாக மாற்றும் முயற்சி ஐரோப்பாவில் 18 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேய மதகுரு, ஒரு குதிரையின் நாடியில் நீண்ட கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்தி, குருதி இதய மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை ஏறுவதைக் கண்டார். 1733 இல் இதனை வெளியிட்ட அவர், பெரிய நாடிகளை அக்காலத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டார். பம்பி விட்டுவிட்டு அடித்தாலும் நீர் இடையறாது பாய்வதற்குக் காற்றறை உதவுவது போன்று, இதயம் விட்டுவிட்டு உந்தினாலும் விரிந்து கொடுக்கும் நாடிகள் குருதியோட்டத்தைச் சீராக்குகின்றன. 1808 இல் தோமஸ் யங் இதயம், நாடிகள் ஆகியவற்றின் தொழிற்பாடு பற்றி இலண்டன் றோயல் கழகத்தில் உரையாற்றினார். மீள்தன்மையின் அளவாக இன்றும் பொறியியலாளர் பயன்படுத்தும் 'யங் மட்டு' இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1878 இல் ஒல்லாந்து அறிஞர்களான மூன்ஸ், கோர்ட்டவெக் ஆகியோர், சுவரின் விறைப்பு கூடினால் துடிப்பலையின் வேகமும் கூடும் என்பதைச் சமன்பாடாக்கினர். மணிக்கட்டில் நாம் உணரும் துடிப்பு, அக்கணத்தில் இதயத்தை விட்டு வந்த குருதி அன்று. குருதியைவிடப் பன்மடங்கு விரைவாகச் சுவர் வழியே ஓடிவரும் ஓர் அலையாகும். இளைஞரின் பெருநாடியில் இவ்வலை செக்கனுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வேகத்தில் செல்கிறது. முதுமையில் 10 மீற்றரையும் தாண்டுகிறது. இப்னு ஸீனா 'வன்மை' என விரலால் வகைப்படுத்திய தன்மைக்கு இவ்வாறு ஓர் எண் கிடைத்தது.

சுவரின் அமைப்பு

நாடிச் சுவர் மூன்று படைகளால் ஆனது. குருதியோடு தொடுகையிலுள்ள உட்படை, ஆரோக்கியமான இளம் நாடியில் மிக மெல்லியது. பாரந் தாங்குவதில் அதன் பங்கு சிறிது. நடுப்படையில் மழமழப்பான தசைக் கலங்களும், எலாஸ்டின், கொலாஜன் என்னும் இருவகைப் புரத நார்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வெளிப்படையில் கொலாஜன் நார்கள் மிகுந்துள்ளன. அவை நாடியைச் சுற்றிச் சுருள் வடிவில் ஓடுகின்றன. தளர்ந்த நிலையில் கொலாஜன் நார்கள் அலையலையாக மடிந்து கிடக்கும்.

எலாஸ்டின் எளிதில் நீண்டு, விட்டவுடன் மீளும். கொலாஜனோ நிமிர்ந்த பின் எளிதில் நீளாது. இவ்விரண்டும் பாரத்தை எவ்வாறு பகிர்ந்து கொள்கின்றன என்பதை 1957 இல் கனடாவைச் சேர்ந்த மார்கொட் ரோச், அலன் பேர்ட்டன் ஆகியோர் அழகிய பரிசோதனையொன்றால் காட்டினர். மனித நாடித் துண்டுகள் சிலவற்றில் நொதியத்தைக் கொண்டு எலாஸ்டினை அகற்றினர். வேறு சிலவற்றில் போமிக்கமிலத்தைக் கொண்டு கொலாஜனை அகற்றினர். எலாஸ்டின் நீங்கிய நாடி, சாதாரண நாடி பெரிதும் இழுபட்ட நிலையில் காட்டும் விறைப்பைக் காட்டியது. கொலாஜன் நீங்கிய நாடி, சிறிதளவு இழுபட்ட நிலையிலுள்ள மென்மையையே காட்டியது. குறைந்த விரிவில் எலாஸ்டினும், மிகுந்த விரிவில் கொலாஜனும் பாரத்தைச் சுமக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

முதுமையில் நாடி விறைப்பதற்கும் இதில் விளக்கம் உண்டு. எமது எலாஸ்டினின் பெரும்பகுதி பிறப்புக்கு முன்னும் சிறுபராயத்திலும் உருவாகிறது. பின்னர் அது போதிய அளவில் புதுப்பிக்கப்படுவதில்லை. பல்லாண்டுத் துடிப்புகளால் அது சிதைவுறும்போது, பாரம் கொலாஜனின் மீது சாய்கிறது. நாடி விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது.

இறப்பர் குழாய் என்ற உவமை

நாடியை இறப்பர் குழாய்க்கு ஒப்பிடுவது வழக்கம். முதற்படியாக இது உதவுமாயினும், மூன்று காரணங்களால் பொய்த்துப் போகிறது.

முதலாவது, இழுவைக்கு அது காட்டும் எதிர்ப்பு. பலூனை ஊதும்போது தொடக்கத்தில் சிரமமாகவும், சற்று விரிந்ததும் இலகுவாகவும் இருப்பதை அனைவரும் அறிவர். நாடி இதற்கு மாறானது. தொடக்கத்தில் எளிதாக விரிந்து, போகப்போக விரைந்து விறைக்கிறது. பலூனைப் போல் நடந்துகொண்டிருப்பின், குருதியமுக்கம் சற்று உயர்ந்தாலே நாடி கட்டுக்கடங்காது உப்பிவிடும். ஆகவே ஒரே எண்ணால் நாடியின் விறைப்பைக் கூற இயலாது. எந்த அமுக்கத்தில் என்பதையும் உடன் கூற வேண்டும்.

இரண்டாவது, திசை. இறப்பர் எத்திசையில் இழுத்தாலும் ஒரே தன்மை காட்டும். நாடியோ நார்கள் ஓடும் திசைக்கேற்பச் சுற்றுப்புறமாக ஒரு விதமாகவும் நீளவாக்கில் வேறு விதமாகவும் எதிர்வினை காட்டுகிறது. நெய்த துணியை நூல் வழியே இழுப்பதற்கும் மூலைவாட்டில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கு நினைவுகூரலாம்.

மூன்றாவது, பாரமற்ற நிலையிலும் சுவருக்குள் எஞ்சியிருக்கும் தகைப்பு. நாடியிலிருந்து ஒரு வளையத்தை அரிந்தெடுத்து அதன் ஒரு பக்கத்தை வெட்டினால், அது வளையமாகவே இருப்பதில்லை. பிறை போல் விரிந்து திறக்கிறது. அதாவது, குருதியமுக்கம் ஏதுமின்றியே உட்புறம் நெருக்குண்டும் வெளிப்புறம் இழுபட்டும் இருந்துள்ளன. 1980களில் விரிவாக ஆராயப்பட்ட இவ்வமைப்பின் பயன் பெரிது. அமுக்கத்துக்குட்பட்ட தடித்த குழாயில் உள்விளிம்பே அதிகம் இழுபடும். முன்கூட்டியே அது நெருக்குண்டிருப்பதால், குருதியமுக்கம் ஏறும்போது உள்விளிம்பின் சுமை குறைந்து, தகைப்பு சுவர் முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகிறது.

மாதிரியுரு கட்டப்படும் விதம்

மாதிரியுரு என்பது இங்கு ஒரு பொம்மையன்று. சுவர் எவ்வளவு இழுபட்டால் அதனுள் எவ்வளவு தகைப்பு எழும் என்பதைக் கூறும் கணிதக் கூற்றாகும். ஓர் அலகுப் பரப்பின் மீது தாக்கும் விசையைத் தகைப்பு என்றும், பொருள் தன் இயல்பு நீளத்திலிருந்து எவ்வளவு மாறுபட்டது என்பதை விகாரம் என்றும் வழங்குவர். இவை இரண்டையும் இணைக்கும் விதியைக் கண்டறிவதே பிரதான பணியாகும்.

இதில் வழிகாட்டியவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யுவான்-செங் ஃபங் (1919–2019). விமானப் பொறியியலில் பெயர் பெற்றிருந்த அவர், 1960களில் உயிரிழையங்களின் பக்கம் திரும்பினார். உயிரிழையத்தின் விறைப்பு, அதிலுள்ள தகைப்போடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுவதை அவர் அவதானித்தார். ஒரு கணியத்தின் வளர்ச்சி வேகம் அக்கணியத்தையே சார்ந்திருக்குமாயின், அது அடுக்குக்குறி வளர்ச்சியாகும். அன்று முதல் அடுக்குக்குறிச் சார்பு நாடிச் சுவரின் கணிதத்தில் நிலைபெற்றது.

ஃபங்கின் சமன்பாடுகள் அளவீடுகளோடு நன்கு பொருந்தின. ஆனால் அவற்றிலுள்ள மாறிலிகள் சுவரின் எந்தக் கூறைக் குறிக்கின்றன என்பது தெளிவாக இருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஹொல்ஸாப்ஃபெல், காஸர், ஓக்டன் ஆகிய மூவரும் வெளியிட்ட மாதிரியுரு இக்குறையை நிவர்த்தி செய்ய முயன்றது. மடிந்து கிடக்கும் கொலாஜன் நார்களை நீக்கிப் பார்த்தால் எஞ்சும் அடித்தளத்தை, எத்திசையிலும் ஒரே தன்மையுள்ள மென்மையான பொருளாக அவர்கள் கொண்டனர். அதன்மீது இரு கூட்டங்களாக எதிரெதிர்த் திசைகளில் சுருண்டோடும் நார்களைப் பொருத்தினர். நார்களின் பங்கை அடுக்குக்குறிச் சார்பு தருகிறது. நார் இழுபடும்போது மட்டுமே எதிர்ப்புக் காட்டும். நெருக்குண்டால் கயிற்றைப் போல் தளர்ந்துவிடும். நடுப்படைக்கும் வெளிப்படைக்கும் தனித்தனியே மாறிலிகளும் நார்க் கோணங்களும் வழங்கப்படுகின்றன. இங்கு ஒவ்வோர் எண்ணும் சுவரின் உண்மையான ஓர் அம்சத்தைச் சுட்டுவதே சிறப்பு.

நார்கள் அனைத்தும் ஒரே கோணத்தில் அணிவகுத்து நிற்பதில்லை என்பது நுணுக்குக்காட்டியில் புலப்படும். எனவே 2006 இல் அதே ஆய்வாளர்கள் நார்களின் சிதறலைக் குறிக்கும் மேலும் ஓர் எண்ணைச் சேர்த்தனர். அது பூச்சியமாயின் நார்கள் யாவும் ஒரே வரிசையில் உள்ளன. மூன்றில் ஒன்றாயின் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறியுள்ளன. சுவரைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் இச்சமன்பாடுகளைக் கணினி தீர்க்கும்போது, எந்த இடத்தில் தகைப்பு உச்சத்தை அடைகிறது என்ற வரைபடம் கிடைக்கிறது.

விட்டமா, தகைப்பா?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மெல்லிய சுவருள்ள குழாய்க்கு லாப்லாஸின் பெயரால் வழங்கும் எளிய விதியொன்று உண்டு: அமுக்கத்தை ஆரையால் பெருக்கி, சுவரின் தடிப்பால் வகுத்தால் சுற்றுப்புறத் தகைப்பு கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டாக, 10 மில்லிமீற்றர் ஆரையும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பெருநாடியைக் கொள்வோம். இரச மட்டத்தில் 120 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 16 கிலோபஸ்கால் அமுக்கத்தில், அதன் தகைப்பு 80 கிலோபஸ்கால் ஆகும். அதே நாடி வீங்கி ஆரை 27.5 மில்லிமீற்றராகவும், சுவர் மெலிந்து 1.5 மில்லிமீற்றராகவும் ஆனால், அதே அமுக்கத்தில் தகைப்பு ஏறத்தாழ 293 கிலோபஸ்கால் ஆகிவிடும். குருதியமுக்கம் சிறிதும் கூடாமலே சுவரின் சுமை மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வீக்கம் மேலும் வீக்கத்தை வளர்ப்பதன் இரகசியம் இதுவே.

மேற்சொன்ன ஆரை 5.5 சென்ரிமீற்றர் விட்டத்துக்குரியது. ஆண்களுக்கு இவ்விட்டத்தை அடைந்ததும் சத்திரசிகிச்சையைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது பரவலான வழிகாட்டல். பெண்களுக்கு 5 சென்ரிமீற்றர். 1998 இல் பிரித்தானியாவிலும் 2002 இல் அமெரிக்காவிலும் வெளியான இரு பெரும் ஒப்பீட்டாய்வுகள், 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரையான வீக்கங்களுக்கு உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்வது ஆயுளைக் கூட்டவில்லை எனக் காட்டியமையே இதன் அடிப்படை. விதி ஆதாரமற்றதன்று. ஆனால் அது திரளான நோயாளருக்குப் பொருந்தும் சராசரி. சிறிய வீக்கங்கள் சில வெடிப்பதும், மிகப் பெரிய வீக்கங்கள் சில பல்லாண்டுகள் அசையாதிருப்பதும் வைத்தியர் அறிந்ததே.

அல்பேர்ட் ஐன்ஸ்டைனின் வாழ்வு இதற்கு ஒரு சான்று. 1948 இன் இறுதியில் சத்திரசிகிச்சை நிபுணர் றுடொல்ஃப் நிஸன் அவரது வயிற்றறைப் பெருநாடியில் வீக்கத்தைக் கண்டார். அதனை அகற்றி மாற்றும் முறை அப்போது இல்லாமையால், வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தினார். அது தூண்டும் அழற்சியால் தழும்பிழையம் உருவாகிச் சுவர் தடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. லாப்லாஸ் விதியின் மொழியில் கூறுவதாயின், ஆரையைக் குறைக்க இயலாத நிலையில் தடிப்பைக் கூட்டும் முயற்சி அது. ஆறாண்டுகளுக்கு மேல் அச்சுவர் தாங்கியது. 1955 ஏப்ரல் 18 இல் வெடிப்பினால் அவர் காலமானார். அதற்குள் புதிய சத்திரசிகிச்சை முறை வந்திருந்தும் அவர் அதனை ஏற்க மறுத்திருந்தார்.

விட்டம் ஒன்றையே நோக்குவது ஏன் போதாது என்பது இப்போது புலப்படும். லாப்லாஸ் விதியில் விட்டத்துக்குப் புறம்பாக அமுக்கமும் தடிப்பும் உள்ளன. மேலும் உண்மையான வீக்கம் சீரான உருளையன்று. ஒரு பக்கம் புடைத்தும் வளைந்தும் காணப்படும். எனவே ஒரே விட்டமுள்ள இரு வீக்கங்களின் உச்சத் தகைப்பு வெவ்வேறாக இருக்கலாம். அமெரிக்காவின் ஃபிலிங்கர் குழுவினர் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், சீ.ரீ. ஸ்கேன் படங்களிலிருந்து கணித்த உச்சத் தகைப்பு, வெடிக்கும் வீக்கங்களை விட்டத்தைவிட நன்கு இனங்காட்டியது. தகைப்பை மட்டுமன்றிச் சுவரின் உறுதியையும் மதிப்பிட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும் என டேவிட் வோர்ப் முதலானோர் வாதிட்டனர். எந்தப் பொருளும் அதன் தகைப்பு உறுதியை மிஞ்சும் இடத்திலேயே கிழிகிறது.

மாதிரியுருவின் எல்லை

இவ்வளவு இருந்தும், சத்திரசிகிச்சைக்கான வழிகாட்டல்கள் இன்றும் விட்டத்தையே பிரதானமாகக் கொள்கின்றன. இதனை வைத்தியரின் பழமைவாதம் என ஒதுக்கிவிட முடியாது. சாதாரண ஸ்கேன் படத்தில் வீக்கத்தின் வடிவம் தெளிவாகத் தெரியுமாயினும், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவரை நம்பகமாக அளப்பது கடினம். உயிருள்ளவரின் நாடியிலிருந்து துண்டு வெட்டி அதன் உறுதியைச் சோதிக்கவும் இயலாது. ஆகவே மாதிரியுருவில் இடப்படும் எண்கள் பெரும்பாலும் பிறரின் இழையங்களிலிருந்து பெற்ற சராசரிகளே. விட்டத்தின் சராசரியிலிருந்து தப்பிக்க முயலும் நாம், இழையத்தின் சராசரியில் மீண்டும் சிக்குகிறோம். வீக்கத்தினுள் படியும் குருதிக்கட்டி சுவரின் சுமையைக் குறைக்கிறதா, அன்றி அதனடியிலுள்ள சுவரை நலிவுறச் செய்கிறதா என்பதும் கணக்கைச் சிக்கலாக்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாடிச் சுவர் உயிருள்ளது. பாலத்தின் இரும்பு, தன் மீதுள்ள பாரத்தை உணர்ந்து தன்னைத் திருத்திக் கொள்வதில்லை. சுவரிலுள்ள கலங்களோ இழுவையை உணர்ந்து, பழைய கொலாஜனைச் சிதைத்துப் புதியதைப் பின்னுகின்றன. 2002 இல் ஹம்ஃப்ரி, ராஜகோபால் ஆகியோர் முன்வைத்த கோட்பாடு, ஒவ்வொரு கூறும் வெவ்வேறு காலத்தில் பிறந்து வெவ்வேறு காலத்தில் அழிகிறது என்பதையே கணிதமாக்க முயன்றது. அதன்படி வீக்கம் என்பது திடீரெனத் தளர்ந்த ஒரு குழாயன்று. அழிவுக்கும் ஆக்கத்துக்கும் இடையிலான சமநிலை பல்லாண்டுகளாக மெல்லச் சரிந்ததன் விளைவு.

எனவே, வைத்தியர் ஒருவரின் தீர்ப்புக்குப் பதிலாக அமரும் தகுதி மாதிரியுருவுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் எதை அளக்க வேண்டும் என்பதை அது கற்பித்துள்ளது. வீக்கம் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்ட இடத்தில், அதன் சுவர் எவ்வளவு சுமக்கிறது, எவ்வளவு சுமக்க வல்லது என்று கேட்க வைத்துள்ளது. சரியான கேள்வி கிடைத்த பின்னரே அதற்குரிய அளவுகருவிகளைத் தேட முடியும்.

நோயாளியாகவோ நோயாளியின் பிள்ளைகளாகவோ இருக்கும் எமக்கும் இதில் பாடமுண்டு. வீக்கம் ஓசையின்றி வளர்வதால், தேடிப் பார்த்தாலன்றித் தெரியாது. இங்கிலாந்தில் 65 வயதை அடையும் ஆண்கள் இதற்கென ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். நாடியின் ஆரையும் தடிப்பும் எம் கையில் இல்லை. குருதியமுக்கத்தை ஓரளவேனும் நாம் கட்டுப்படுத்த முடியும். புகைத்தலை நிறுத்துவது வீக்கத்தின் வளர்ச்சியைத் தணிக்கும் என்பதும் அறியப்பட்டதே. சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைத் துல்லியமாகக் கணிக்கும் நாள் வரும்வரை, அதன் மீது நாம் ஏற்றும் சுமையைக் குறைப்பதே எம்மால் ஆகக்கூடியது.